போனில் தெரிந்த ஆலிஸ்

எங்கள் தெருவில் நெட் எப்போதும் கொஞ்சம் மந்தம்தான், மேடம். ராயபுரத்தில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ரோட்டுக்குப் பின்னால் வீடு. லாரி நகர்ந்தால் சுவர் அதிரும், வீட்டுக்குள் மாட்டியிருக்கிற கேமரா ஆடும், ஏதோ அசைகிறது என்று மஸ்கட்டில் என் மகள் ஆன்சியின் போன் மணியடிக்கும். அவள் திறந்து பார்த்தால் படம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

என்னையே கைப்பட எழுதித் தரச் சொன்னது நல்லதாகப் போயிற்று. முப்பத்தைந்து வருஷம் ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கைப் பக்கத்தில் நின்று பார்த்து, மூட்டை கிழிந்திருந்தால் கிழிந்தது என்று சீட்டில் எழுதுகிற வேலை. அதற்கு ஒரே விதி, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். அடுத்தவன் சொன்னான் என்று எழுதினால் சீட்டு செல்லாது. அந்தப் பழக்கத்திலேயே இதையும் எழுதுகிறேன்.

ஆலிஸ் என் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன், ஈஸ்டர் கழிந்த வாரம், வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'போதும்'. தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும், இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டுமென்றாலும் போதும். ஆரம்பத்தில் நான் அதை நம்பி டம்ளரை எடுத்துவிடுவேன். அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அவள் 'போதும்' என்றால் 'இன்னும்' என்று அர்த்தம் என்பது எனக்கும் ஆன்சிக்கும் மெல்லப் பிடிபட்டது.

ஆன்சி நர்ஸ். லீவு முடிந்து கிளம்பும்போது கட்டிலுக்கு எதிரே கேமரா மாட்ட ஏற்பாடு செய்தாள். என்மேல் சந்தேகம் எதுவும் இல்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அவளுக்கு. "ரெண்டு மணிக்கொரு தபா மம்மியத் திருப்பிப் போடணும் டாடி. முதுவுல புண்ணு கிண்ணு வந்துச்சுன்னா வேலைய வுட்டுட்டு வந்துருவேன்" என்றாள். "நீ போமா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த வார்த்தையை நான் காப்பாற்ற வேண்டியிருந்தது. நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

கேமரா மாட்டிய வில்சனுக்குக் கடை எங்கள் தெரு முனையில்தான். படம் நிற்கிறது என்றதும் என் போனிலேயே செட்டிங்ஸைத் திறந்து காட்டினான். "பிட்ரேட்டுனு கீது பாரு நைனா, அதக் கொறச்சா படம் நிக்காம ஓடும். மூஞ்சி மட்டும் கொஞ்சம் கலீஜாத் தெரியும், அவ்ளோதான்." குறைத்தோம், ஓடியது. ஆலிஸின் முகம் மழையில் நனைந்த போட்டோ மாதிரி லேசாகக் கலைந்திருந்தது. மற்றபடி எல்லோருக்கும் திருப்தி.

எனக்கு எழுபத்தொரு வயது, குடலிறக்கம் வேறு. ஆலிஸ் கனமான பெண். உதவிக்கு இரண்டு பெண்கள் அடுத்தடுத்து வந்தார்கள், இருவரும் நின்றுவிட்டார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் திருப்பிப் போடும்போது கை நழுவிவிட்டது. அவள் நெற்றி கட்டில் கம்பியில் மோதியது. அதன்பிறகு அவளைத் தொடவே எனக்குப் பயம். இரண்டு மணி நான்கு மணியாயிற்று, நான்கு மணி ஒரு நாளாயிற்று. இடுப்புக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருந்ததை ஒரு காலையில் பார்த்தேன். நர்ஸ் கண்ணுக்கு அது தப்பாது. நானே போனை எடுத்து பிட்ரேட்டை இன்னும் குறைத்தேன்.

புண் உள்ளங்கை அளவுக்கு வந்தபோது ரெசல்யூஷனைக் குறைத்தேன். உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தபோது, நொடிக்கு ஒரு பிரேம் போதுமென்று வைத்தேன். "இன்னா டாடி, மம்மி கட்டம் கட்டமாத் தெரியறாங்க?" என்று ஆன்சி கேட்டாள். "நெட்டு பேஜாரு பண்ணுதுமா" என்றேன். டாக்டரை அழைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். அழைத்திருந்தால் அவர் முதலில் ஆன்சிக்குத்தான் போன் போட்டிருப்பார்.

கஞ்சியையும் குறைத்தேன். உள்ளே குறைவாகப் போனால் குறைவாகத் துடைத்தால் போதும், துடைக்கும்போதுதான் அவளுக்கு உயிர்போகிற வலி. அதைக் கொடுமை என்று சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அவள் நாள் முழுக்க 'போதும், போதும்' என்றுகொண்டிருந்தாள். அந்தச் சொல்லை, ஊரில் எல்லோரும் எடுத்துக்கொள்கிற அர்த்தத்திலேயே நானும் எடுத்துக்கொள்ளத் தொடங்கினேன்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை ஆன்சி போன் செய்தாள். "லீவு கெடச்சிருச்சு டாடி. திங்கக்கெழம வூட்ல இருப்பேன்." சந்தோஷம் என்றுதான் சொன்னேன். வந்ததும் கைகூடக் கழுவாமல் போர்வையைத் தூக்குவாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்து அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதாவிடம் வேண்டினேன், வழி தெரியவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது. செத்தவர்களைப் பெட்டியில் மல்லாக்கத்தான் வைப்பார்கள். பட்டுப்புடவை கட்டி, கையில் ஜெபமாலை சுற்றிவிட்டால் முதுகை யாரும் பார்க்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. போனை மருந்து பாட்டில்மேல் சாய்த்து வைத்தேன். ஆன்சிக்கு என்ன தெரிகிறது என்று நான் பார்க்க வேண்டுமே. பிறகு தலையணையை எடுத்தேன். ஆலிஸின் பக்கம் நான் திரும்பவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வயசாளி கட்டில் பக்கம் குனிந்து தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். திரையின் மேலே ஆன்சியின் மெசேஜ் வந்தது. 'தலகாணிய ஒசத்தி வை டாடி, மம்மிக்கு மூச்சு வுடத் தோதா இருக்கும்.' வேலை முடிந்ததும் 'சரிமா' என்று பதில் போட்டேன்.

குளிப்பாட்டியது நான், புடவை கட்டியதும் நான். யாரையும் உள்ளே விடவில்லை. மனைவிமேல் எவ்வளவு பிரியம் என்று கோயில்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், அம்மா உயிரோடு இருந்த கடைசி நாட்களைப் பார்க்க வேண்டும் என்று ஆன்சி அழுதாள். வில்சனை வரச்சொல்லி, கேமராவுக்குள் இருந்த மெமரி கார்டை எடுக்கச் சொன்னாள். நான் தடுக்கவில்லை. கார்டிலும் அதே கலங்கல் படம்தான் இருக்கும் என்று நினைத்தேன். லேப்டாப்பில் போட்டுப் பார்த்த வில்சன், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "நீ கொறச்சது போனுக்குப் போற படத்த, நைனா. கார்டுல ஏறுறது வேற. அது வாங்குன அன்னிக்கு எப்டி கீதோ அப்டியேதான் கீது, பளிச்சினு."

ஆன்சி அந்த வெள்ளிக்கிழமைவரை ஓட்டிப் பார்த்தாள். லேப்டாப்பை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ஆலிஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தது கார்டில் இருக்கிறது என்கிறீர்கள். நான்கு நிமிஷம் விடவில்லை என்கிறீர்கள். தலையணை வருவதற்கு முன் அவள் ஒரு சொல் சொன்னதும் கேட்கிறதாம். அதையெல்லாம் எழுதச் சொல்கிறீர்கள். பார்க்காததை நான் எழுதியதில்லை, மேடம். நான் பார்த்த படத்தில் அவள் கை போர்வைமேல் அசையாமல் கிடந்தது. அன்று என் சட்டையில் ஒரு பட்டன் காணவில்லை என்பது உண்மை, ஆனால் அது பழைய சட்டை.

ஆலிஸைத் தலையணை வைத்துக் கொன்றது நான், ஸ்டானிஸ்லாஸ். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கார்டில் இருப்பதை எனக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். போனில் பார்த்ததே எனக்குப் போதும்.