இரண்டு கைப்பிடியுள்ள பானை

நல்ல வார்ப்பில் குமிழ் விழாது, ஐயா. உலை சரியான சூட்டில் இருந்து, அச்சும் காய்ந்திருந்தால் அலுமினியம் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் உங்கள் போலீஸ் அறிக்கையில், வார்ப்புக்குள் குமிழ் இருந்ததால்தான் சார்போங் வண்டியின் பிரேக் பெடல் ஒடிந்தது என்று எழுதியிருக்கிறீர்களாம். எங்கள் மேகசின் பட்டறைப் பேட்டை முழுக்க இதே பேச்சு. அதைத் திருத்தலாம் என்றுதான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. பேசும்போது நடுவில் சிரித்துவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நாளாகச் சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பானை வார்ப்பவன். குமாசி மேகசினில் பழைய பிஸ்டன், உடைந்த சக்கரம், பீர் டப்பா என்று எது கிடைத்தாலும் உருக்கிப் பானையாக்குவேன். போன மழைக்காலத்தில் ட்ரோட்ரோ வேன் ஓட்டும் டிரைவர் சார்போங் வீட்டில் பெண் குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். என் கையால் வார்த்த பெரிய பானை ஒன்றைப் பரிசாகக் கொண்டுபோனேன். அவன் மனைவி கொனாடு ஆசையாக அதிலேயே நிலக்கடலைச் சூப் காய்ச்சினாள். நூறு பேர் தட்டில் ஃபுஃபு உருண்டையோடு சூப்புக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பெண்கள் பானையைத் தூக்கினார்கள். ஒரு கைப்பிடி மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. சூப் முற்றமெல்லாம் ஓடி, கோழிகள் விருந்து சாப்பிட்டன. மழை மாதம், வார்ப்பு மணலில் ஈரம். அது குமிழ்தான், ஐயா. அதை நான் மறைக்கவில்லை.

சார்போங் அந்தக் கைப்பிடியைப் பொறுக்கி மைக் போல வாயருகே பிடித்தான்.

"யாரும் அழாதீங்கப்பா. மாஸ்டர் இன்னிக்குக் கைப்பிடி மட்டும்தான் குடுத்திருக்காரு. பானைய அடுத்த புள்ளைக்குக் கொண்டாருவாரு."

"சும்மா இருங்க. பெரிய மனுஷன்கிட்டப் போயி..." என்றாள் கொனாடு. அவள் மட்டும்தான் சிரிக்கவில்லை. நான்கூடச் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து என் பெயர் கைப்பிடி. வாச்சே சோற்றுக் கடையில், "கைப்பிடி மாமா, முட்டை வைக்கட்டா? கழண்டு விழாது!" சர்ச்சில் காணிக்கைத் தட்டு என்னிடம் வந்தால், "கெட்டியாப் பிடிங்க." என் பெயர் ஜோசப் யாவ் துவாமெனா. பத்து மாதமாக அந்தப் பெயரை ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை. நீங்களும் விசாரணைக்கு வந்த அன்றைக்கு என் கொட்டகை வாசலில் என்னைப் பார்த்து, "இவர்தான் கைப்பிடியா?" என்றுதான் கேட்டீர்கள்.

பிறகு ஒருநாள் சார்போங் தேய்ந்துபோன பிரேக் பெடலைத் தூக்கிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தான்.

"மூணு தடவ வெல்டிங் வச்சாச்சு மாஸ்டர், நிக்கல. இந்த மாடலுக்குப் புதுசும் கிடைக்க மாட்டேங்குது. நீங்களே ஒண்ணு வார்த்துக் குடுங்க."

"கைப்பிடிகிட்டயா கேக்குற?" என்றேன்.

"அட, கிண்டல் வேற, வேல வேற. இந்த மேகசின்லயே உங்க கைய நம்பித்தான் நான் கால வைப்பேன்."

அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை. அன்று மாலையே சிமெண்ட் மூட்டைத் தாளை விரித்துப் பெடலை வரைய ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வாரத்தைப் போலச் சந்தோஷமான நாட்கள் என் வாழ்க்கையில் வந்ததே இல்லை. பானைக்கு மணல் அச்சு போதும்; இதற்கு இரும்பு அச்சு வேண்டும் என்று தோன்றியது. பழைய என்ஜின் பிளாக்கிலிருந்து இரண்டு துண்டு அறுத்தேன். துளை போடும் மெஷினில் லாரி கியரைச் சேர்த்து நானே செய்த மில்லிங் மெஷின் ஒன்று இருக்கிறது. அதில் அந்தத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்தேன். உலோகம் ஆறும்போது சுருங்கும், அதற்கும் இடம் விட்டேன். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "என்ன, கைப்பிடிக்குக் கல்யாணமா, பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்று கேட்டார்கள். அவ்வளவு சத்தமாகப் பாடியிருக்கிறேன்.

பெடலின் கழுத்துக்குள் நிலக்கடலை அளவுக்கு ஒரு வெற்றிடம் விட்டேன். அச்சுக்குள் களிமண் உருண்டை ஒன்றைச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு வார்த்தால் அது வந்துவிடும். கணக்குத்தான் கஷ்டம். மெதுவாக மிதித்தால் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். உடம்பின் மொத்த பலத்தையும் போட்டு மிதித்தால் மட்டும் ஒடிய வேண்டும். முதல் பெடல் சீக்கிரமே போய்விட்டது. அடுத்த மூன்றும் யானை மிதித்தாலும் அசையாது. ஏழாவதும் எட்டாவதும் நான் கோடு போட்ட அதே இடத்தில், அதே பலத்துக்கு ஒடிந்தன. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு ஆடினேன், ஐயா, இந்த வயசில். ஒன்பதாவது சார்போங்குக்கு. அதன் அடிப்பக்கத்தில் என் முத்திரை விழும்படி அச்சிலேயே திருப்பி வெட்டியிருந்தேன். இரண்டு கைப்பிடியும் உள்ள ஒரு குட்டிப் பானை.

வண்டியில் மாட்டி மிதித்துப் பார்த்து, "தொட்டாலே நிக்குது மாஸ்டர்" என்று சார்போங் என்னைக் கட்டிப்பிடித்தான்.

என் எண்ணம் என்ன என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். என்றாவது ஒருநாள் வண்டி ஸ்டேஷனில், எல்லோர் முன்னாலும் அது ஒடியும். நான் பெடலைப் பொறுக்கி மைக் போலப் பிடித்து ஒரு வார்த்தை சொல்வேன். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் கிடைக்கும். விளையாட்டுக்கு விளையாட்டு, அவ்வளவுதான் என் ஆசை. ஸ்டேஷனில் யாரும் பிரேக்கை மொத்த பலத்தோடு மிதிப்பதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், மிதிப்பதில்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை மாம்போங்கில் ஒரு பெரிய சாவுச் சடங்கு. சார்போங் வண்டி நிறைய கறுப்பும் சிவப்புமாகத் துணி உடுத்தியவர்கள். கொனாடு குழந்தையை முதுகில் கட்டியபடி ஏறினாள்.

"மாஸ்டர், ஏறுங்க! முன் சீட்டு உங்களுக்குத்தான்" என்று சார்போங் கத்தினான்.

"உலையில உலோகம் கொதிக்குது. நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

"அப்ப சாயங்காலம் உங்களுக்குச் சாப்பாடு எடுத்தாறேன்" என்றாள் கொனாடு.

அன்றைக்கு நான் உலை மூட்டவேயில்லை. வண்டியின் பின்னால் 'சிரிக்க மறக்காதே' என்று எழுதியிருக்கும். அந்த எழுத்து கண்ணுக்கு மறையும் வரை கை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது மாம்போங் இறக்கத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு மர லாரி பழுதாகி நின்றதாம். சார்போங் எழுந்து நின்று மிதித்திருக்கிறான். மற்றது உங்களுக்குத் தெரியும். பதினொரு பேர். கொனாடுவும் அதில் ஒருத்தி. குழந்தை புல்லில் விழுந்து பிழைத்துக்கொண்டது. சார்போங்குக்கு இரண்டு காலும் போய்விட்டது. கொனாடு ஒருநாள்கூட என்னைக் கைப்பிடி என்று கூப்பிட்டதில்லை. நல்ல பெண். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இப்போது உங்கள் மேசையில் இருக்கும் அந்தத் துண்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். குமிழ் என்றால் கோணல்மாணலாக இருக்கும். இது எவ்வளவு உருண்டையாக இருக்கிறது, விரலை விட்டுப் பாருங்கள். ஒடிந்த கோடும் நான் தாளில் போட்ட கோடும் ஒன்று, மயிரிழை தள்ளவில்லை. அச்சும் சிமெண்ட் தாளும் கொட்டகையில் இருக்கின்றன, ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பதினொரு பேரும் என் வேலையால் போனார்கள், குமிழால் இல்லை. அந்த வார்த்தையை அடித்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

சந்தோஷத்துக்குக் காரணம் சொல்கிறேன் என்றேன் அல்லவா. மூன்று நாள் முன்னால் வாச்சே கடையில் உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார், ஆஸ்பத்திரியில் சார்போங் வாக்குமூலம் கொடுத்தானாம். "பெடல்ல தப்பு இருக்காது சார், வேற காரணம் பாருங்க. அத வார்த்தவரு ஜோசப் யாவ் துவாமெனா." கைப்பிடி என்று சொல்லவில்லை. முழுப் பெயரும் சொல்லியிருக்கிறான், ஐயா. கடையில் எல்லோரும் கேட்டார்கள். அந்தத் தாள் உங்கள் ஃபைலில்தான் இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்த வரியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசித்துக் காட்டுவீர்களா?