நாலாம் நம்பர் அதிர்வு

டீ நன்றாக இருக்கிறது சார். போன மாதம் இதே ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வந்தபோது தண்ணீர்தான் கொடுத்தார்கள். அன்று சொன்னதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். எனக்கு அவசரமில்லை, நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

வேன் தயாரிக்கும் தொழிற்சாலையில், ஸ்டியரிங் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். ஓட்டுநர் கண்ணயர்ந்து வண்டி சாலைக் கோட்டைத் தாண்டினால், முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா அதைப் பார்த்துவிடும். உடனே ஸ்டியரிங் அவர் கையில் அதிரும். மணி அடித்தால் பயணிகள் பயந்துவிடுவார்கள் என்று, ஓட்டுநர் கைக்கு மட்டும் தெரிகிற அதிர்வோடு நிறுத்திக்கொண்டார்கள். அதிர்வுக்கு ஒன்று முதல் பத்து வரை அளவு உண்டு. குறைந்தால் தெரியாது. கூடினால் ஓட்டுநர் திடுக்கிட்டு வண்டியை ஒடித்துவிடுவார். எந்த வண்டிக்கு எந்த எண் என்பதைக் கடைசியில் ஒரு மனிதன் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் இடத்தில் அந்த மனிதன் நான். மேலாளர் முதல் கேன்டீன்காரர் வரை யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் கைராசி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மனைவியோடு கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். "செருப்பு கழண்டு பத்தடி பின்னால கெடக்கு, நீங்க பாட்டுக்கு நடக்கறீங்க," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த சில மாதங்களில் கை விரல்களும் அப்படி மரத்துப்போயின. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்றார் மருத்துவர். வேலை செய்யும் இடத்தில் சொல்லிவிடச் சொல்லி மனைவி நச்சரித்தாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று ஒன்றரை வருடம் ஓட்டினேன். நீங்கள் உங்கள் தம்ளரைச் சூடு தாங்காமல் கீழே வைத்துவிட்டீர்கள். நான் இன்னும் வைக்கவில்லை, கவனித்தீர்களா?

சொல்லாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை சார். கைராசி போய்விட்டால் நான் யார்? ஸ்டோர் ரூமில் ஒரு நாற்காலி. அது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் எனக்கு உறைக்கும் வரை அளவைக் கூட்டினேன். வண்டியை ஓட்டிப் பார்ப்பவர்கள் ஷாக் அடிக்கிறது என்று புகார் சொன்னார்கள். சரி, என் கை மந்தம், அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். எனக்கு எட்டில் தெரிந்தால் நாலு என்று எழுதினேன். ஏன் பாதி? கணக்குப் போட வசதி. பார்வை மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்வது போலத்தான் இது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். இன்ஜினியர், நல்ல கை. பின்னால் விபத்தில் சிக்கிய அந்த வேனுக்கு நான் நாலு என்று எழுதிய அன்று அவளும் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணே, நாலுல எனக்கு ஒண்ணுமே தெரியலயே. இங்கயே தெரியலன்னா ரோட்டுல எப்படித் தெரியும்?"

"உன் கை இன்னும் பழகலம்மா. பழகினா தெரியும்," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பிடித்தாள். ரொம்ப நேரம் கழித்து, லேசாகத் தெரிகிற மாதிரி இருக்கிறது என்றாள். தட்டிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விபத்து உங்களுக்குத் தெரியும். பட்டப்பகல், சாப்பாட்டு நேரம் முடிந்து ஒரு மணி நேரம். சாலையில் பழைய வெள்ளைக் கோட்டுக்குப் புதுப் பூச்சு போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் மேல் வேன் ஏறிவிட்டது. ஓட்டுநருக்குக் கீறல்கூட இல்லை. கண் சொக்கியது உண்மை, ஆனால் ஸ்டியரிங் அதிரவே இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால்தான் அந்த வேனை உங்கள் முற்றத்தில் நிறுத்தி, எங்களைக் கூப்பிட்டீர்கள்.

அதிர்வை ஓடவிட்டதும் முதலில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். தெரியவில்லை என்றார். அடுத்து அந்தப் பெண். "எனக்குத் தெரியல சார். ஆனா என் கைய நம்பாதீங்க. அண்ணன் கைய நம்புங்க," என்றாள். பிறகு நான் பிடித்தேன். மரக்கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. நன்றாக அதிர்கிறது என்றேன். நீங்கள் ஓட்டுநரைக் காட்டி, பிறகு ஏன் இவருக்குத் தெரியவில்லை என்று கேட்டீர்கள்.

"தூங்கறவனுக்குப் பூகம்பமே வந்தாலும் தெரியாது சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் லேசாகச் சிரித்தீர்கள். ஓட்டுநர் என்னை முறைக்கவில்லை. தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள். அந்தக் கைகள் தினமும் கண்ணில் வருகின்றன.

அதற்காக உடனே வந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். போன வாரம் அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள். போவதற்கு முன்னால் என் மேசைக்கு வந்தாள். கை நரம்பைச் சோதித்துப் பார்த்தாளாம். "டாக்டர் ஒரு கொறையும் இல்லன்றாரு. அப்புறம் ஏண்ணே எனக்கு மட்டும் தெரிய மாட்டேங்குது?" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேறு நல்ல டாக்டராகப் பார் என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். போய்ப் பார்ப்பாள். நான் சொன்னால் கேட்பவள். அதை நினைத்துத்தான் மூன்று நாள் தூங்காமல் கிடந்து, இன்று வந்தேன்.

அந்த ஓட்டுநரை விட்டுவிடச் சொல்லுங்கள். அவள் கைக்கு ஒன்றுமில்லை என்று யாராவது அவளிடம் சொல்லிவிடுங்கள், என்னால் முடியவில்லை. அன்று அந்த ஸ்டியரிங்கை மூன்று பேர் பிடித்தோம் சார். மூன்று பேருக்குமே தெரியவில்லை. அதில் இரண்டு பேர் உண்மையைச் சொன்னார்கள். நீங்கள் என் கையைத்தான் நம்புவீர்கள் என்று தெரிந்தேதான் நான் மூன்றாவதாகப் பிடித்தேன்.