மூக்கில் குழி வைத்த குண்டு

"மூக்குல குழி வெச்ச குண்டுண்ணே," என்றான் ஷார்ஜா பேருந்தில் என் முன் இருக்கை செக்யூரிட்டி. அருங்காட்சியக வாசல் வெயிலில் நிற்பவன். உள்ளே ஏசி டூட்டி கிடைக்க, அங்கிருக்கும் பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் குண்டுகளை விளக்கத் தெரிய வேண்டுமாம்.

"குழி எதுக்குடா?" என்றார் அவன் பக்கத்தில் இருந்த மூத்த காவலர்.

"சாதாக் குண்டு ஆளைத் துளைச்சுட்டுப் போயிரும், அவன் நிக்காம ஓடியாருவான். குழி வெச்சா உள்ளயே காளானா விரியும். கொடுமைன்னு நாடுங்க கூடித் தடுத்துருச்சுங்க."

"மிச்சமிருந்த குண்ட?"

"வெள்ளைக்காரன் சுட்டுப் பழக எடுத்துக்கிட்டான்."

கழித்த சரக்கைப் பயிற்சிக்குத் தள்ளுவது எல்லா அரசுக் கிடங்கிலும் நடைமுறைதான்.

மூத்தவர் அதுவரை உயர்த்திப் பிடித்திருந்த கைப்பேசியைத் தாழ்த்தினார். "வாய்ஸ் உன் சூப்பர்வைசருக்குப் போயிருச்சு."

"அய்யோ அண்ணே!"

பதில் உடனே ஒலித்தது: "நாளைலேர்ந்து உள்ள டூட்டி. ஸ்வெட்டர் எடுத்துட்டு வா."