எண்ணெய் பார்த்தாயா என்று அவள் கேட்டாள்

கியர் தானாகவே மாறும் கார் ஒன்று உண்டு என்று சொன்னால் ஜவ்வாது மலையில் யாரும் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை, ஐயா. எழுபத்தாறில் அந்த வண்டி எங்கள் மருத்துவ நிலையத்துக்கு வந்தபோது, இல்லாத கிளட்சைத் தேடி என் இடது கால் ஒரு வாரம் வெறும் தகரத்தை மிதித்துக்கொண்டிருந்தது.

மெட்ராசில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் ஓட்டிக் கழித்து, ஊருக்குத் திரும்பும்போது டாக்டர் பூங்கோதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன பழைய கார். அதற்கு டிரைவரும் மெக்கானிக்கும் நான்தான். என் பெயர் காசி. வந்த புதிதில் ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், வண்டி நகராது. இரண்டாவது கியர் விழ அரை மைல் ஆகும்; விழும்போது முதுகில் குத்தியதுபோல ஓர் உதறல். திருப்பத்தூரில் இரண்டு பட்டறைக்காரர்கள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள்.

வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொன்னது என் மகள் வசந்தி. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பக்கத்தில் உட்கார்ந்து, விரலை வரியில் வைத்து, நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். கியர் வழுக்கினால் முதலில் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக் கம்பியை இழுக்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் அது பொய் காட்டும். இழுத்தோம். எண்ணெய் அடியில்தான் இருந்தது, கருகிய வாடையும் வந்தது. ஒரு குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை. அதை அடைத்து, புது எண்ணெய் ஊற்றிய பிறகு வண்டி இரண்டு வருடம் முனகாமல் மலை ஏறியது.

அவள் அம்மா மங்கம்மாள் இறந்தபோது வசந்திக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நான் சாப்பிட வரும்வரை அவள் சாப்பிட்டதில்லை. இதை நான் கேட்டு வாங்கவில்லை, அவளாகவே செய்தாள்.

இந்த வருடம் வேலூரில் நர்ஸ் படிப்புக்கு டாக்டர் அம்மா அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். காலை பஸ்ஸில் போகிறேன் என்றாள். பஸ் எதற்கு, டாக்டர் அம்மாவும் மருந்து வாங்க வேலூர் வருகிறார், நம் வண்டியிலேயே போகலாம் என்று நான்தான் சொன்னேன். அன்று காலை மலையிலிருந்து இறங்கும் அந்த ஒரே பஸ் போன பிறகு வண்டிக் கொட்டகைக்குப் போய், கியர் பெட்டியின் எண்ணெயை ஒரு தகர டின்னில் வடித்து, கொட்டகைக்குப் பின்னால் வைத்தேன். ஒரு நாள் தாமதம். என் எண்ணம் அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு மாதம்மாள் என்ற பெண்ணை நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள். முதல் பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. கீழே கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர் அம்மா. பின் சீட்டில் படுக்க வைத்தார்கள். நான் ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் கத்தியது, சக்கரம் அசையவில்லை.

வசந்தி ஜன்னலோரம் ஓடி வந்தாள். "அப்பா, எண்ணெ பாத்தியா?"

"பாத்துட்டேம்மா. எண்ணெ நெறைய கீது. உள்ள இன்னாவோ போயிடுச்சு."

மாதம்மாளின் புருஷன் தீர்த்தகிரி பின்னால் நின்று தள்ளினான். இன்னும் நாலு பேர் தள்ளினார்கள். "டிரைவரு, கொஞ்சம் பாருங்க. அவ பேச மாட்றாங்க" என்று அவன் சொன்னான். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டின் இருபது அடி தூரத்தில் இருந்தது. ஊற்றக் கால் மணி நேரம் ஆகும். ஊற்றினால் வண்டி ஓடும். ஓடினால் முன் சீட்டில் வசந்தியும் ஏறுவாள், பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

மூங்கிலில் போர்வையைக் கட்டி, மாதம்மாளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். டாக்டர் அம்மாவும் வசந்தியும் கூடவே போனார்கள். ஆறாவது மைலில் மாதம்மாள் போய்விட்டாள். அப்போது அவள் கை வசந்தியின் கையில் இருந்ததாம்.

மறுநாள் எண்ணெயை ஊற்றி வண்டியை எடுத்தேன். வசந்தி வாசலில் நின்று பார்த்தாள்.

"எப்டிப்பா ஓடுது?"

"எண்ணெதாம்மா கொறஞ்சிருக்குது. அணைச்சுட்டுப் பாத்தேன், தெரியல."

"ஓடும்போதுதானே பாக்கணும்?"

"நீ அணைச்சுட்டுப் பாக்கச் சொன்ன மாதிரிதான் எனக்கு ஞாபகம்."

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். பிறகு, "நான் மாத்திச் சொல்லிட்டேனாப்பா?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

அடுத்த வருடம் மறுபடி இடம் வாங்கித் தருவதாக டாக்டர் அம்மா சொல்லியும் அவள் ஒப்பவில்லை. "வாணாம்மா. ஒரு வரிய ஒழுங்கா படிச்சுச் சொல்லத் தெரியாதவ மருந்துச் சீட்டப் படிக்கக் கூடாது" என்றாள். இப்போது வீட்டிலேயே இருக்கிறாள். எனக்குச் சோறு போடுகிறாள். தான் சாப்பிடுவதைத்தான் குறைத்துவிட்டாள்.

டாக்டர் அம்மா பழுதான வண்டியை வைத்திருந்ததால்தான் தன் பெண்டாட்டி செத்தாள் என்று தீர்த்தகிரி உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் மேல் பழி விழக் கூடாது என்றுதான் நானாக வந்தேன். வண்டியில் பழுதே இல்லை. மாதம்மாளையும் அவள் வயிற்றில் இருந்ததையும் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. இது வசந்திக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிந்தால் அவள் வேலூருக்குப் போய்விடுவாள்.