வார்னிஷ் காயும் வரை

இப்போதெல்லாம் யாரும் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை, ஐயா. செருப்புப் புழுதியோடு நேராக உள்ளே வந்து நிற்கிறார்கள். எங்கள் கொட்டகையில் அது நடக்காது. ஈர வார்னிஷில் ஒரு தூசி விழுந்தால் ஒரு வாரத்து வேலை போச்சு.

நானும் வேதாசலமும் உத்திரமேரூரில் ஒன்பது வருஷமாக விமானப் பொம்மை செய்தோம். திருவிழாக் கடைச் சாமான் இல்லை. நிஜ விமானத்தை அளந்து சுருக்கியது; பட்டணத்து ஆபீசர்கள் மேசைமேல் வைக்க வாங்குவார்கள். கட்டை இழைப்பது, இறக்கை பொருத்துவது, படம் ஒட்டுவது என் வேலை. விற்பதும் வார்னிஷ் அடிப்பதும் அவன் வேலை. படம் காகிதத்தில் அச்சடித்து வரும். தண்ணீரில் ஊறவைத்தால் காகிதம் கழன்று, படம் மட்டும் விரலோடு வழுக்கிக்கொண்டு வரும். மூச்சுவிடாமல் ஒட்ட வேண்டும். இறக்கையில் மூவர்ண வட்டம், உடம்பில் நம்பர், கடைசியாக வாலுக்குக் கீழே எள் அளவு எழுத்தில் ஒரு வரி.

எனக்கு எழுத்து தெரியாது. "இது இன்னாடா?" என்று கேட்டேன்.

"நம்ம ரெண்டு பேர் பேரும்தான்டா. மொதல்ல உன்னுது," என்று விரலால் தொட்டுக் காட்டினான்.

அந்த வரியை மட்டும் கை கழுவிவிட்டுத்தான் ஒட்டுவேன்.

போன மாசம் அவனுக்கு இரைப்பு அதிகம். அதனால் வாலாஜாபாத் பள்ளிக்கூடத்துக்கு முதல்முறையாக நான் ஒரு விமானம் கொண்டுபோனேன். மார்த்தாள் டீச்சரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாலைப் படித்தார்.

"செய்தவர் வேதாசலம்னு போட்டிருக்குதே. நீங்க அவராண்ட வேலை செய்யுறீங்களா பெரியவரே?"

இன்னொரு பேர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆமாம், அவரிடம்தான் வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்பது வருஷம். என் கையாலேயே.

அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான். வார்னிஷ் அறைக்கு ஜன்னல் கிடையாது. அடித்து முடித்ததும் வெளியே தாழ்போட்டுவிட்டால், இரண்டு மணி நேரம் யார் தட்டினாலும் திறக்கக்கூடாது. அந்தச் சட்டம் அவன் போட்டது. செவ்வாய்க்கிழமை காலை உள்ளே ஏழு விமானத்துக்கு அடித்துக்கொண்டிருந்தான். நான் தாழ்போட்டேன்.

முதலில் சிரித்தான். "டேய் சின்னப்பையா, நான் உள்ள கீறேன்டா," என்றான். பிறகு தட்டினான். நெடியில் வெளியே இருந்த எனக்கே இருமல் வந்தது. நான் பழைய விமானம் ஒன்றை மடியில் வைத்து, வாலில் இருந்த வரியை பிளேடால் சுரண்டினேன். வார்னிஷுக்கு அடியில் போனது சுலபத்தில் வராது. அது வந்து முடிவதற்குள் தட்டுவது நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திறந்தேன். அவன் கதவோரம் கிடந்தான். ஏழு விமானத்திலும் ஒரு தூசி இல்லை.

கொன்றது நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. நான் சொன்னதை ஸ்டேஷன் ரைட்டர் எழுதி, படித்தும் காட்டினார். கீழே சின்னப்பையன் என்று என் பேர் இருக்கிறது, பெருவிரலை வை என்கிறீர்கள்.

அவனும் இப்படித்தான் விரலால் தொட்டுக் காட்டினான். மார்த்தாள் டீச்சரம்மாவுக்குச் சொல்லி அனுப்புங்கள், அவர் வந்து படிக்கட்டும். அதுவரைக்கும் மை வேண்டாம். லாக்கப் எந்தப் பக்கம் என்று தெரியும், நானே போய்க்கொள்கிறேன்.