அக்கா நிரூபிக்காத சமன்பாடு

அக்காவின் நினைவுக் கூட்டத்தில் அன்று நான் சொல்லாதது இது: "தலைவரே, அவர் உயிரோடு இருந்தபோது அவருடைய கருத்தரங்குக்கு நீங்கள் ஒருமுறைகூட வந்ததில்லை." நாக்கு நுனிவரை வந்தது. முன்வரிசையில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். விழுங்கிக்கொண்டு, இப்படிப் பேசினேன்:

மேடையில் இருக்கும் துறைத்தலைவர் அவர்களே, அக்காவின் குடும்பத்தாரே, கரும்பலகைப் பொடியை அவரோடு சேர்ந்து சுவாசித்த நண்பர்களே!

எண்கோட்பாட்டுப் பேராசிரியர் அவர். நமக்கு வெறும் 'அக்கா'. மாடுலர் வடிவங்கள் என்ற சமச்சீர் மிகுந்த சார்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தொகையிட்டால் வரும் எண்களும், மடக்கையின் உறவான பாலிலாகரிதம் தரும் எண்களும் ஒன்றுதானா? இந்த ஒரு கேள்வியோடுதான் அவர் வாழ்ந்தார். அடுக்கும் வரிசை மாறினால் விடையே மாறிவிடும். ஒருமுறை பலகையின் விடையும் கணினியின் விடையும் ஒத்துவராமல் துறையே குழம்பிக் கிடந்தது. பலகையில் இடமிருந்து வலம், கணினிக்கு எழுதியதில் வலமிருந்து இடம்! அக்கா எட்டிப் பார்த்தார். "பனியனைச் சட்டைக்கு மேல போட்டிருக்கீங்கப்பா!"

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் 'இரண்டும் ஒன்றே' என்ற அந்தச் சமன்பாட்டை அவர் 'நிரூபித்துச் சென்றார்' என்றார்கள். நினைவு மலரில் அதைத் தேற்றம் என்றே வெளியிடப் போகிறார்களாம். ஐயா, அவர் நிரூபிக்கவில்லை! இல்லாத புகழ் அவருக்கு எதற்கு? இருப்பது போதாதா?

தாழ்வாரத்தில் தலைவர் அக்காவிடம் கேட்டதும் அவர் சொன்ன பதிலும் என் காதில் இன்னும் இருக்கிறது: "கணினில நூறு இலக்கம் ஒத்துப்போகுது, இன்னும் என்னம்மா சந்தேகம்?"

"ஒத்துப்போறது வேற சார், ஒண்ணா இருக்கறது வேற. தேற்றம்னு பேர் வெச்சுட்டா அப்புறம் யாரு தேடுவா?"

யார் தேடுவார்கள்? அதுதானே அவருடைய பயம்! எல்லா இடத்துக்கும் அது பொருந்தும் என்று காட்டும் அந்த ஒரு படி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அதை நாங்கள் தேடுவோம். கிடைக்கும்வரை இதை ஊகம் என்றே சொல்வோம், அக்கா. இது உங்களுக்கு நாங்கள் தரும் வாக்கு.

பேசி முடித்துக் கீழே இறங்கியதும் அக்காவின் கணவர், "அப்போ அவ முடிக்கலையாம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். "வீட்லயும் அதைத்தான் சொல்லுவா" என்றார்.

தலைவர் வந்து, "நல்லாப் பேசினீங்கம்மா" என்றார்.

அடுத்த மாதம் நினைவு மலர் அச்சாகி வந்தது. முதல் கட்டுரையின் தலைப்பில் 'தேற்றம்' என்று இருந்தது. எழுதியவர்கள் என்ற இடத்தில், அக்காவின் பெயருக்குக் கீழே, என்னைக் கேட்காமலே, என் பெயரையும் போட்டிருந்தார்கள்.