காவடி எடுத்த தோள்

லிட்கம் நிலையத்தில் ரயிலேறிய இருவரில் கண்ணாடிக்காரர் சொன்னார்: "என்ர புதுத் துவக்கு மனுசியின்ர ஹேண்ட்பேக்கை விடப் பாரம் குறைவு."

துப்பாக்கி உரிமம், வாங்கும் அனுமதி, பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் சரியான வரிசையில் அவரே சொன்னதால், நான் ரயிலின் அவசரப் பொத்தானைத் தேடவில்லை.

"பாரமில்லாத துவக்கு தோளை உடைக்குமெண்டு சொன்னனான்," என்றார் தொப்பிக்காரர்.

"காவடி எடுத்த தோள், மச்சான். உதைச்சது, தாங்கினன், மான் விழுந்தது. என்ர முழங்காலோட அந்தச் செங்குத்து மலை ஏறேலாதெண்டும் சொன்னனீ. நீ எங்க நிண்டனீ?"

"பாதியில."

"ஏன்?"

"என்ர துவக்கு பாரம்."

"அப்ப என்ர பையையும் தூக்கு. தோத்தவன்தான் தூக்கிறதெண்டு பேச்சு."

ஸ்ட்ராத்ஃபீல்டில் இறங்கியதும் இரண்டு பைகளையும் தொப்பிக்காரர் சுமந்தார். கண்ணாடிக்காரர் வெறுங்கையோடு லிஃப்டைத் தாண்டிப் போய், வேண்டுமென்றே படிகளில் இறங்கினார்.